ஊசி இடம், நூல் வலம்

எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் எப்படியும் ஒரு தடவை இரண்டாம் மாடிக் கதவைத் தட்டி, "நூல்காரர் வீடு இதுதானே? கறுப்பு நூல்கண்டு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அவருக்கும் தையலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட, நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவிதான் தைத்துக் கொடுக்க வேண்டும். அவருடைய நூல் வேறு நூல். அது தொலைநோக்கிக்குள் இருக்கிறது.

அந்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். எனக்கே புரிந்ததென்றால் யாருக்கும் புரியும். மழையும் மூட்டமுமாக இருக்கிற நாளில் விமானிக்கு ஓடுபாதை கண்ணில் படாது. அப்போது தரையிலிருந்து ஒரு வானொலிக் கற்றை அவருக்கு வழிகாட்டும். விமானத்துக்குள் ஓர் ஊசி உண்டு. விமானம் நடுக்கோட்டில் வந்தால் ஊசி நடுவில் நிற்கும், விலகினால் எந்தப் பக்கம் விலகியதென்று காட்டும். அந்தக் கற்றையே கோணலாகிவிட்டால் இறங்குகிற அத்தனை பேர் கதியும் அதோகதிதான். அதனால் அவ்வப்போது ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டுச் சோதிப்பார்கள். மேலே விமானி ஊசியைப் பார்த்து வானொலியில் சொல்வார். கீழே ஓடுபாதைக் கோடியில் நம்மாள் முக்காலியில் உட்கார்ந்து, எதிரே இறங்கி வருகிற விமானத்தைத் தொலைநோக்கியில் விடாமல் பிடித்துக்கொண்டே வருவார். கண்ணாடிக்குள் நெட்டுக்குத்தாக ஒரு கோடு இருக்கும், ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு நேராக. அதைத்தான் அவர்கள் நூல் என்பார்கள். விமானத்தின் மூக்கு நூலுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். ஊசியும் நூலும் ஒன்றையே சொன்னால் கற்றை சரி.

எழுதுகிறவர் எங்கள் கீழ்வீட்டு எழுத்தர். ஆகவே நான் சொல்லப்போவது எதுவும் காற்றுவாக்கில் வந்ததில்லை. பாதி அவர் வாயிலிருந்து வந்தது, மீதி எங்கள் மாடிப்படியிலேயே நடந்தது.

நூல்காரர் கெட்டிக்காரர்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வெயிலில் ஓடுபாதை மேல் காற்று கொதிக்கும், விமானம் கண்ணாடிக்குள் தண்ணீரில் விழுந்த இலை மாதிரி நெளியும், மற்றவர்கள் மூக்கையும் இறக்கையையும் குழப்பிக்கொள்வார்கள். இவர் மட்டும் மூக்கை விடமாட்டார். தொலைநோக்கிக்கு அவர் வாயில் குழாய் என்றுதான் பெயர். "குழாயில ஒரு முடி தள்ளிச்சுன்னா, வானத்துல ஒரு வீட்டு அகலம் தள்ளிரும்" என்பார். சோதனை நாளில் காப்பி குடிக்க மாட்டார், நெஞ்சுத் துடிப்பில் கண் ஆடுமாம். அக்காவிடம் சண்டை போடமாட்டார், அதுவும் அதே காரணம்தான். "தினமும் சோதனை வச்சா நல்லாயிருக்கும்" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

குறை என்னவென்றால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவர் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வரமாட்டார். நான் கொடியில் துணி உலர்த்தினால், "இடப்பக்கம் ரெண்டு விரல் தாழ்ந்திருக்கு" என்பார். தாழ்ந்துதான் இருக்கும், அதுதான் எரிச்சல்.

அக்காவின் தம்பி, விமானி. அந்தச் சோதனை விமானத்தை ஓட்டுவதே அவன்தான். வேலை கிடைத்தபோது எல்லா வீட்டுக்கும் இனிப்புக் கொடுத்தாள் அக்கா. கல்யாணமாகாதவன், அடுத்த தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான், சாப்பாடு அக்கா வீட்டில். கூச்ச சுபாவம். படியில் எதிரே வந்தால் நமக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வான். வானத்தில் அத்தனை பெரிய இடத்தில் பறக்கிறவன் படியில் ஏன் இப்படி ஒடுங்குகிறான் என்று நான் யோசித்ததுண்டு.

மேலே மச்சினன் ஊசியைப் பார்ப்பதும் கீழே அத்தான் நூலைப் பார்ப்பதுமாக எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் புதுத் தொலைநோக்கி வந்தது.

அதை விற்ற கம்பெனி ஆள் ஒருவர் வந்து எல்லாரையும் உட்காரவைத்து ஒரு காலை முழுக்க விளக்கியிருக்கிறார். நூல்காரர் போகவில்லை. "நான் பார்க்காத குழாயா? கண்ணை வச்சா பழகிரப் போவுது" என்று வெளியே உட்கார்ந்து செய்தித்தாள் படித்திருக்கிறார். எழுத்தர் போய்க் கூப்பிட்டாராம். "நீ போய்க் கேளுப்பா, உனக்கு உதவும்" என்று பதில் வந்ததாம்.

புதுக் குழாயில் முதல் சோதனைகள் காற்றில்லாத நாட்களில் நடந்தன. விமானம் நூலோடு நூலாக வந்தது, ஒரு வம்புமில்லை. அப்புறம் காற்று வீசுகிற காலம் வந்தது. பக்கக் காற்றில் சின்ன விமானம் கோட்டை விட்டு விலகும், திரும்பி வரும். அது தப்பில்லை, அப்படி விலகும்போது ஊசி என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்குத்தான் சோதனையே. ஆனால் அன்றைக்கு மேலிருந்து "ஊசி இடம், மூணு" என்று குரல் வர, கீழே நம்மாள் "வலம், மூணு" என்றார். "ஊசி வலம், ரெண்டு" என்றால் இங்கே "இடம், ரெண்டு". எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். இவர் கண்ணை எடுக்கவில்லை.

கற்றையை அனுப்புகிற கருவியைப் பிரித்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஊசியைக் கழற்றிப் பார்த்தார்கள், அதுவும் சரி. இடமென்றாலும் வலமென்றாலும் விமானி உட்கார்ந்திருக்கிற பக்கத்திலிருந்துதான் சொல்ல வேண்டும் என்பது அங்கே ஆதியிலிருந்து இருக்கிற சட்டம், அதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. பாக்கி இருந்தது இரண்டு வாய். ஒன்று கல்யாணமாகாத கூச்ச சுபாவி. இன்னொன்று பணியில் நரைத்த நூல்காரர். எந்த வாய் மேல் பழி விழும் என்று நானே சொல்லிவிடுவேன்.

நிலைய மேலாளர் நூல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மச்சினன்கிறதால கேட்கிறேன். என்ன நினைக்கிறீங்க?" என்றிருக்கிறார்.

"மச்சினன்னு பார்த்தா வேலை நடக்குமா சார்? ஊசியை மாத்திப் படிக்கிறான். பதட்டம். எனக்கு நூல் பொய் சொல்லாது" என்றிருக்கிறார் இவர்.

அவ்வளவுதான். விமானியைப் பறக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் அலுவலகத்தில் ஒரு மூலையில் நாற்காலி. பக்கத்து ஊர் விமான நிலையத்திலிருந்து ஒருவரை வரவழைத்துப் பார்க்கலாமே என்று எழுத்தர் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். "எதுக்கு வெட்டிச் செலவு" என்று விட்டுவிட்டார்கள். நூல்காரர் சொன்னபிறகு இன்னொருவர் எதற்கு?

அலுவலகத்தோடு நின்றிருந்தால் தேவலை. நூல்காரர் அதை மாடிப்படிக்குக் கொண்டுவந்தார். கீழே இஸ்திரிக் கடைக்காரரிடம் சொன்னார், முதல் மாடி வாத்தியாரிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், மேல்மாடி வரைக்கும் ஒரு வீடு பாக்கியில்லை. என் வேலையை நானே செய்யமாட்டேனா, இவருக்கு ஏன் இந்தச் சிரமம் என்றிருந்தது எனக்கு. சொல்வதும் சும்மா சொல்லவில்லை, நடித்துக் காட்டினார். சாப்பிட வருகிற மச்சினனைப் படியில் பார்த்தால், "வா மாப்ளே. சோத்துக்கைப் பக்கமா ஏறு. எது சோத்துக்கைன்னு சந்தேகமா இருந்தா அக்காவைக் கூப்பிடவா?" என்பார். வாத்தியார் சிரிப்பார். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை வைத்துவிட்டுச் சிரிப்பார். "செருப்பு மாறாம போட்டிருக்கானான்னு பாருங்க" என்று அவரும் தன் பங்குக்கு ஒன்று போடுவார். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான், சுவரோடு ஒட்டிக்கொண்டு.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "அவன் சாப்பிடுற நேரத்துல இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டது என் சமையலறை ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது. "விளையாட்டுக்குத்தானே? பழகட்டும். வெளியில இதைவிட மோசமாப் பேசுவாங்க" என்றார் அவர்.

ஒரு நாள் நான் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு ஏறும்போது அவன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். கட்டைவிரல் நகத்துக்குக் கீழே பேனாவால் ஒரு புள்ளி. "மை பட்டிருக்கு தம்பி" என்றேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். "பட்டதில்லைக்கா. நானே வச்சது. இது இடக்கைன்னு ஞாபகத்துக்கு."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. "உனக்கா தெரியாது? அவர் கேலி பண்றார்" என்றேன்.

"இல்லக்கா. அத்தான் தப்பாப் பார்க்க மாட்டார். அப்ப நான்தானே? எப்ப மாத்திச் சொல்றேன்னு எனக்கே தெரியல, அதான் பயமா இருக்கு. மேல போயி நிஜமான கூட்டத்தோட இறங்கும்போது மாத்தினேன்னா?" என்றான். குடத்தைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு, அக்கா வீட்டுக் கதவைத் தட்டும் முன் ஒரு தடவை தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. அன்றைக்கு அவனே தப்பு தன்னுடையதென்று எழுதிக் கொடுத்துவிட்டால் பண்டகசாலையில் வேலை தருவார்கள், பறக்கும் உரிமம் போய்விடும். எழுதிக் கொடுக்காவிட்டால் வேலையே போகலாம். எழுதிக் கொடுத்துவிடுவதென்று அவன் முடிவு செய்துவிட்டான். அக்கா இரண்டு நாள் அழுத முகத்தோடு மிளகாய் உலர்த்தினாள்.

இந்த நேரம் பார்த்து விமான நிலையத்தில் பழைய தொலைநோக்கியைக் கழித்துவிட்டார்கள். இரும்புக்குப் போகட்டும் என்று விட நூல்காரருக்கு மனம் வரவில்லை. கேட்டு வாங்கிக் கொண்டுவந்து மொட்டைமாடியில் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விடுவார்களா எங்கள் ஆட்கள்? வாத்தியார், இஸ்திரிக் கடைக்காரர், எழுத்தர், நான், அக்கா, எல்லாரும் ஏறிவிட்டோம். நான் காய்ந்த துணி எடுக்கப் போனேன், அது வேறு விஷயம்.

குனிந்து பார்த்தேன். எதிர்த் தெருத் தண்ணீர்த் தொட்டி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கொடியில் போட்டிருந்த சேலை மேல்நோக்கிப் பறந்தது.

"என்னங்க இது, உலகமே கவுந்து கிடக்கு?" என்றேன்.

"பழைய குழாய் எல்லாம் அப்படித்தாம்மா. மேலு கீழு, இடம் வலம் ரெண்டையும் திருப்பிக் காட்டும். இதுல விமானம் மல்லாக்கப் படுத்துக்கிட்டுத்தான் வரும். இதை வச்சுக்கிட்டு மூக்கைப் பிடிச்சவன் நானு" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அந்த மலர்ச்சியில்தான் அடுத்த வேடிக்கையும் தோன்றியது அவருக்கு. "ஏய், நம்ம மாப்ள எங்க? அந்தக் கோடி வீட்டு மாடிக்குப் போய் நிக்கச் சொல்லுங்க. ஒரு பரீட்சை வைப்போம்."

"வேண்டாங்க" என்றாள் அக்கா.

அவன் போனான். போகமாட்டேன் என்று சொல்லத் தெரிந்தால் அவன் ஏன் புள்ளி வைத்துக்கொண்டு அலைகிறான்? தெருக்கோடியில் இருக்கிற வீட்டு மொட்டைமாடியில் போய் எங்களைப் பார்த்து நின்றான். நூல்காரர் கையை வாயருகே குவித்து, "இடக்கையைத் தூக்கு மாப்ளே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டுக் குனிந்து குழாயில் கண்ணை வைத்தார்.

அவன் ஒரு கையைத் தூக்கினான்.

"இடம்! சரிதான். தேறிட்டான்யா!" என்றார் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே. வாத்தியார் கைதட்டினார்.

இஸ்திரிக் கடைக்காரர் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர், "இல்லையே, வலப்பக்கக் கையைல்ல தூக்கியிருக்கான்?" என்றார்.

"எதிர்ல நிக்கிறவனுக்கு இடம், நமக்கு வலம் ஆச்சேய்யா. கண்ணாடி முன்னால நின்னதில்லையா நீ?" என்று சலித்துக்கொண்டு நிமிர்ந்தார் நூல்காரர். "குழாய் அதைத் திருப்பிக் காட்டும். அவனுக்கு இடம்னா குழாயில இடமாவே தெரியும். அதனாலதான் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. என்ன தெரியுதோ அதை அப்படியே சொல்லிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

அக்கா கொடியிலிருந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி இன்னும் கையை இறக்காமல் நிற்கிறானே என்று அவள் கண் அங்கே. "புதுக் குழாயும் இப்படிக் கவுத்துத்தான் காட்டுமா?" என்று கேட்டாள், ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்கிற மாதிரி.

"அது நேரா காட்டும். புதுசுல்ல? விமானம் விமானமா..."

அங்கே நின்றது பேச்சு. வாய் திறந்தபடி இருந்தது. குனிந்து குழாயில் பார்த்தார். நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்தார். மறுபடியும் குனிந்தார். கோடி வீட்டு மாடியில் அந்தப் பையன் கையைத் தூக்கியபடியே நின்றான். இறக்கு என்று யாரும் சொல்லவில்லை.

"கையை இறக்கச் சொல்லுங்க, பாவம்" என்றாள் அக்கா.

"ம்" என்றார். சொல்லவில்லை. நான்தான் கையை ஆட்டி இறக்கச் சொன்னேன். அவர் குழாய்க்கு உறை போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கினார். "என்ன, வேடிக்கை முடிஞ்சிருச்சா?" என்று வாத்தியார் கேட்டபோது அவர் பாதிப் படி இறங்கியிருந்தார்.

மற்றவர்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எழுத்தருக்கு மட்டும் உறைத்துவிட்டது. கம்பெனி ஆள் அன்று காலை முழுக்க விளக்கியது முக்கால்வாசி இதைத்தான்: இனி விமானம் நேராகத் தெரியும், ஆகவே இடவலம் பார்க்கிறவர் தெரிவதை மாற்றிச் சொல்ல வேண்டும். விமானம் இறங்குகிற உயரம் சரியா என்று இன்னொரு குழாயில் ஏற்ற இறக்கம் பார்க்கிறவருக்குத்தான் நேர் குழாய் லாபம். எழுத்தர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் நூல்காரருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாராம். பெரியவர்கள் விஷயத்தில் நாம் செய்கிற மரியாதை சில சமயம் இப்படி முடிகிறது.

அப்புறம் நூல்காரர் ஆளே மாறிப்போனார். படியில் யார் காலடிச் சத்தம் கேட்டாலும் உள்ளே போய்விடுவார். துணி எவ்வளவு கோணலாக உலர்த்தினாலும் ஒரு வார்த்தையில்லை; நான் வேண்டுமென்றே ஒரு நாள் படுகோணலாகப் போட்டுப் பார்த்தேன். மச்சினன் சாப்பிட வந்தால், குளிக்கப் போகிறேன் என்று போய், அவன் கை கழுவுகிற வரைக்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அக்கா பயந்துபோனாள். "உடம்புக்கு ஏதோ வந்திருச்சோன்னு இருக்கு. தம்பி விஷயத்துல மனசு ஒடிஞ்சிட்டார் போல" என்றாள் என்னிடம். உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எழுத்தர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், "அவரே சொல்லட்டும்" என்று. என் ஆயுளில் நான் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான்.

அவர் சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதுதான் வேடிக்கை. மேலாளரிடம் போய், "புதுக் குழாயில கோளாறு இருக்கும்னு தோணுது சார். பழைய குழாயையே போட்டுரலாம். என் மச்சினன் சரியாத்தான் படிச்சிருப்பான்" என்றாராம். அவனும் பிழைப்பான், தன் பெயரும் பிழைக்கும், பேச வாயில்லாத குழாய்தானே பழியைத் தாங்கட்டும் என்று கணக்கு. கம்பெனி ஆட்களை வரவழைத்தார்கள். குழாயைக் கழற்றி, துடைத்து, அளந்து, பழுதே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மேலாளர் இவர் தோளில் தட்டி, "எனக்குப் புரியுது. மச்சினனைக் காப்பாத்த உங்க கருவியையே குறை சொல்றீங்க. குடும்பம்னா அப்படித்தான் இருக்கணும். ஆனா விட முடியாதே" என்றிருக்கிறார்.

அந்தப் பேச்சு எங்கள் படியேறி வந்தது. வாத்தியார், "என்னதான் கேலி பண்ணினாலும் மனுஷனுக்குப் பாசம் பாருங்க" என்றார். இஸ்திரிக் கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நூல்காரர் அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். முதுகில் சூடு போட்ட மாதிரி நடந்தார்.

விசாரணைக்கு முந்தைய நாள் சாயங்காலம். எனக்கு நாலு படி மேலே அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது, நான் என் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசல் அன்று கொஞ்சம் கூடுதல் அழுக்கு. மச்சினன் சாப்பிடாமல் நின்றுகொண்டே பேசினான்.

"எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம் அத்தான். உங்க கண்ணைப் பத்தி அங்க யாரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல. என்னால உங்க பேரும் கெடுது. நான் எழுதிட்டேன். நாளைக்குக் கொடுத்துடறேன்."

"பார்த்தீங்களா, எப்படிப்பட்ட பிள்ளை" என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீங்களும்தான். இவனுக்காக இறங்கிப் போனீங்களே, நான் மறக்கவே மாட்டேங்க."

நூல்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். துடைப்பத்தை நானும் நிறுத்திவிட்டேன்.

"அதைக் கிழிச்சுப் போடு" என்றார்.

"அத்தான்..."

"கிழின்னு சொல்றேன்ல? நீ ஒண்ணும் மாத்திப் படிக்கல. நான்தான் மாத்திச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும். பழைய குழாயில பார்க்கிற மாதிரியே பார்த்துச் சொல்லிட்டேன். சொல்லிக் கொடுக்க வந்தவன்கிட்ட நான் போய் உட்காரல." அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மாடியில அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் போய்க் குழாய் மேல பழி போட்டேன். உனக்காக இல்ல. எனக்காக."

அக்கா முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்தாள். அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கதவருகே வந்து என்னைப் பார்த்தாள், சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் உள்ளே என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாத விஷயங்கள் உண்டு.

மறுநாள் விசாரணையில் மேலாளர் நம்பவில்லை. நேற்று குழாய் என்றவர் இன்று நான் என்கிறார், நாளைக்கு வானம் என்பார் என்று நினைத்திருப்பார். பறந்தே பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று. விமானியை மேலே அனுப்பினார்கள். காற்று நன்றாக வீசியது. நூல்காரர் குழாயில் உட்கார, பின்னால் மேலாளர், மற்ற ஊழியர்கள் எல்லாரும் நின்றார்கள். அவரிடம் சொல்லப்பட்டது இதுதான்: இந்தத் தடவை சரியாக மாற்றிச் சொல்லுங்கள், ஒத்துப்போகிறதா பார்ப்போம். எழுத்தர் பக்கத்திலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். விமானம் வருவதற்குள் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்ததாம், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. இடமாத் தெரிஞ்சா வலம், வலமாத் தெரிஞ்சா இடம்.

விமானம் தூரத்தில் ஓர் அரிசிமணியாகத் தெரிந்தது. நூலருகே வந்தது. காற்று அதைத் தள்ளியது.

"ஊசி இடம், ரெண்டு" என்றது வானொலி.

"வலம், ரெண்டு" என்றார் நூல்காரர்.

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாராம். பின்னால் நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருக்கலாம் என்றார் எழுத்தர். அன்றைக்கு இவர் குரலும் வானொலியில் மேலே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் மேலிருந்து, மெதுவாக, விதிமுறையெல்லாம் மறந்து, "அத்தான்... ஊசி இடம்."

நூல்காரர் குழாயிலிருந்து கண்ணை எடுத்தார். விமானத்தை ஓட்டுகிற அந்தப் பையனின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு, தன் கையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லாரும் கேட்கும்படி, "இடம். ரெண்டு. தப்பு என்னுது" என்றார். அதற்கப்புறம் விமானம் தரையைத் தொடுகிற வரைக்கும் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் சொன்னாராம், புதிதாகச் சேர்ந்தவனைப் போல, ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதமாக. எல்லாம் ஊசியோடு ஒத்துப்போயின.

பையனுக்கு அன்றைக்கே விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நூல்காரரை என்ன செய்வதென்று யோசித்து, அடுத்த வாரம் பயிற்சிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்கப் போவது ஏற்ற இறக்கம் பார்க்கிற இளைஞன்.

இதையெல்லாம் எழுத்தர் வந்த கையோடு என்னிடம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டார். அடுப்பில் பால் பொங்கிப் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவர் கீழே இறங்கின கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நூல்காரர், வேலைக்குப் போன சட்டையோடு, கீழே இஸ்திரிக் கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அன்னைக்கு நான் சொன்னேன்ல, என் மச்சினனுக்கு இடம் வலம் தெரியாதுன்னு. அது தப்பு. தெரியாதது எனக்குத்தான்" என்றார். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு நின்றார். சட்டை தீய்ந்த வாசனை வந்தது.

அப்புறம் வாத்தியார் வீடு. வாத்தியார், "அட, விடுங்க சார், நாங்க அப்பவே மறந்துட்டோம்" என்று கதவைச் சாத்தப் பார்த்தார். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "மறக்கல. நேத்துகூட அவனைப் பார்த்து நீங்க சிரிச்சீங்க. கொஞ்சம் கேட்டுக்குங்க" என்று முழுக்கச் சொன்னார். என்ன கேலி செய்தாரோ அதே வார்த்தையைச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

பிறகு என் கதவு. நான் ஓடிப்போய் அடுப்பருகே நின்றுகொண்டு, தட்டியதும் வந்து திறந்தேன். முகத்தில் வியர்வை, கண் சிவந்திருந்தது. ஏற்கெனவே எழுத்தர் சொல்லிவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு வீடு குறைந்திருக்கும். எனக்கு என்னமோ தோன்றியது, சொல்லவில்லை. நேரில் வந்து சொல்கிறவரிடம், எனக்குத் தெரியும் என்பதுபோல் ஒரு கேவலம் உண்டா?

"உங்ககிட்ட ஒரு விஷயம் தப்பாச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"அப்படியா? என்னங்க?" என்றேன்.

சொன்னார். பழைய குழாய், புதுக் குழாய், சொல்லிக் கொடுக்க வந்த ஆள், செய்தித்தாள், எல்லாம். குழாய் மேல் பழி போட்டதையும் விடவில்லை. நான் வேண்டிய இடத்தில் "ஐயோ" என்றேன், "அடடா" என்றேன். இத்தனை தெரிந்துவைத்துக்கொண்டு தெரியாத மாதிரி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். வானொலியில் அவன் அத்தான் என்று கூப்பிட்ட இடம் வந்தபோது அவரால் முடியவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். நானும் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன்.

"வேண்டாம்மா."

மேலே அவர்கள் வீட்டு வாசலில் மச்சினன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். எத்தனை நேரமாக நின்றானோ. அவன் முகமும் ஒரு மாதிரி இருந்தது. மன்னித்துவிட்ட முகமென்று சொல்லமாட்டேன், கோபமென்றும் சொல்லமாட்டேன்.

"போதும் அத்தான். அக்கா சாப்பாடு போட்டுட்டா. வாங்க" என்றான்.

"நீ சாப்பிடு" என்றார் நூல்காரர், அவனை நிமிர்ந்து பார்க்காமல். "மேல்மாடி பாக்கி இருக்கு."

அவனைத் தாண்டித்தான் மேல்மாடிக்குப் போக வேண்டும். இவர் ஏறி வருவதைப் பார்த்து, வழக்கம்போலச் சுவரோடு ஒட்டிக்கொள்ளப் போனான் அவன். அதற்கு முன்னால் இவரே சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவனுக்கு உரசாமல், அந்தப் படியைக் கடந்து மேலே போனார்.